ஒலிப்பதிவைச் செப்பனிடுதலும் மூலம் காத்தலும்

முன்னுரை

மொழிக்கு முதற்காரணம் ஒலி என்பது தமிழ் இலக்கண நூலார் கண்ட உண்மை. எழுத்தொலிகள் எங்கே தோன்றி, எவ்வுறுப்புகளின் துணையால் வடிவு பெறுகின்றன என்பதை விளக்கத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்துள்ளார். இஸ்லாமிய மரபும் ஒலியை உயிராகப் போற்றுவது. திருக்குர்ஆன் ஏட்டில் காக்கப்பட்டதோடு நாவிலும் நெஞ்சிலும் காக்கப்பட்டது. எழுத்துகளின் பிறப்பிடமாகிய மக்ரஜையும், நீட்டி ஓதும் அளவாகிய மத்தையும் பிழையறக் கற்பிக்கத் தஜ்வீத் என்னும் தனிக்கலை வளர்ந்தது.

இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். சீறாப்புராண விரிவுரை, மீலாது விழாச் சொற்பொழிவு, முனாஜாத்து, தாலாட்டு, திருமணப் பாட்டு என நம் ஊர்களில் செவிவழி வாழ்ந்த செல்வங்கள் பல. 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காசெட் ஒலிநாடா பரவிய பின்னர், இச்செல்வங்களுள் ஒரு பகுதி நாடாக்களில் பதிவாயிற்று. அந்நாடாக்கள் இன்று முதுமை எய்திவிட்டன. காந்தப்பூச்சு உதிர்கிறது, ஈரக்காற்றால் பூஞ்சை படர்கிறது, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிச் செப்பனிடும் பணி பல இல்லங்களிலும் நூலகங்களிலும் நடைபெறுகின்றது. அப்பணியின் இயல்பு யாது, அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி எண்ணாகும் முறை

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த அலை. ஒலிவாங்கி அதனை மின்னலையாக்கும். கணிப்பொறி அம்மின்னலையின் உயரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். குறுந்தகட்டில் இவ்வளவீடு நொடிக்கு 44,100 முறை நிகழ்கிறது. மனிதச்செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வெண்களைக் கேட்கவல்லது. ஓர் அலையைப் பிழையின்றிக் குறிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் தேவை என்பது நிறுவப்பட்ட உண்மை. 44,100 என்னும் எண் இத்தேவையை நிறைவுசெய்கிறது.

ஒவ்வோர் அளவையும் எத்துணை நுட்பமாகக் குறிக்கிறோம் என்பது மற்றொரு செய்தி. 16 பிட் முறையில் 65,536 படிகள் உள்ளன. 24 பிட் முறையிலோ 1,67,77,216 படிகள். ஆவணக் காப்பகங்கள் நொடிக்கு 48,000 அல்லது 96,000 அளவீடுகளையும் 24 பிட் நுட்பத்தையும் விரும்புகின்றன. ஒருதட ஒலியாக ஒரு மணி நேரச் சொற்பொழிவினை 48,000 அளவீடு, 24 பிட் முறையில் பதிந்தால் 51,84,00,000 பைட் இடம் வேண்டும். அதனையே 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பாகச் சுருக்கினால் 5,76,00,000 பைட் போதும். ஒன்பது பங்கில் ஒரு பங்காய்ச் சுருங்குகிறது. இச்சுருக்கம் செவிக்கு எளிதிற் புலப்படாத நுட்பங்களைக் களைந்து பெறுவது, களைந்தவை மீளா.

ஒலிவிளைவுகள்

ஒலி எண்வரிசையான பின்னர், செப்பனிடுதல் என்பது எண்களைக் கணக்கிட்டு மாற்றுவதேயாகும். மென்பொருளாளர் இக்கணக்குகளை எஃபெக்ட் என்பர். நாம் ஒலிவிளைவு எனலாம். அவற்றுள் இன்றியமையாதன நான்கு.

முதலாவது, இரைச்சல் குறைத்தல். ஒலிநாடாவில் இடையறாது கேட்கும் சீறலொலியை நீக்க, பேச்சில்லாத சில நொடிகளை நாம் தேர்ந்து காட்டினால், மென்பொருள் அச்சீறலின் இயல்பை அறிந்துகொண்டு பதிவு முழுவதிலும் அதனைத் தணிக்கும். அளவோடு செய்தால் நன்மையுண்டு. மிகையானால் பேச்சு நீருக்கடியிலிருந்து வருவதுபோல் மழுங்கும். மெல்லிய மணியொலி போன்ற புதுக்குறைகளும் தோன்றும். இதற்குக் காரணமுண்டு. ஸீன், ஷீன், ஸாத் ஆகிய அரபு எழுத்துகளின் ஒலி தன் இயல்பிலேயே ஒரு சீறல். நாடாவின் சீறலும் அவ்வெழுத்தொலிகளும் உயர் அதிர்வெண்களில் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. குப்பையைப் பெருக்கும் துடைப்பம் எழுத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது.

இரண்டாவது, ஈக்வலைசர் எனப்படும் சமன்செய்தல். தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த அதிர்வெண்களை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இது பயன்படும். மின்கருவியின் உறுமலைத் தணிக்கவும், மங்கிய குரலைத் தெளிவாக்கவும் உதவும்.

மூன்றாவது, கம்ப்ரெஸர் எனப்படும் வேறுபாடு குறைத்தல். உரத்த பகுதியைத் தணித்து, பின்னர் முழுமையும் உயர்த்துவதால் மெல்லிய பகுதியும் நன்கு கேட்கும். ஆயின் மெல்லிய பகுதியில் இருந்த இரைச்சலும் உடன் உயரும். எனவே இரைச்சல் குறைத்தலை முன்னும் இதனைப் பின்னும் வைத்தல் முறை. விளைவுகளின் வரிசை மாறினால் பயனும் மாறும்.

நான்காவது, ரிவெர்ப் எனப்படும் எதிரொலிப்பெருக்கம். பெரிய மண்டபத்திற் பேசுவது போன்ற தோற்றத்தை இது தரும். இதன் உயர்ந்த பயன்பாட்டிற்கு இஸ்தான்புல் நகரத்து ஆயா சோபியா சான்றாகும். 537ஆம் ஆண்டு தேவாலயமாக எழுந்து, 1453இல் பள்ளிவாசலாகி, பின் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலான கட்டடம் அது. அதன் மாடத்தின்கீழ் ஓர் ஒலி அடங்க ஏறத்தாழ 11 நொடிகள் ஆகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பலூன்களை வெடித்து, அவ்வெடியொலி எதிரொலித்து அடங்கும் முறையைப் பதிந்தனர். அப்பதிவினை அடிப்படையாகக் கொண்டு, வேறிடத்தே பாடிய குரல்களுக்கு அக்கட்டடத்தின் எதிரொலியைக் கணக்கிட்டு அளித்தனர். அம்முறையில் அமைந்த இசைத்தொகுப்பு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஆனால் இதே விளைவினைக் கற்பிப்பதற்கான கிராஅத் பதிவிலே மிகுதியாகப் புகுத்தினால் கேடு விளையும். ஓதுபவர் நிறுத்திய பின்னும் ஒலி நீள்வதால் மத்து எங்கே முடிந்தது என மாணவன் அளக்க இயலாது. ஒரு மெய்யொலியின் வால் அடுத்த எழுத்தின் தலைமேல் விழுகிறது. செவிக்கு இனிமை கூடலாம். கல்விக்குத் தெளிவு குறையும்.

வார்த்தெடுத்தல்

இனி நம் பொருளின் மையத்திற்கு வருவோம். மேற்கூறிய விளைவுகளை இருவகையாக அமைக்கலாம். ஒன்று, கேட்கும்போதே கணக்கிடும் முறை. இதில் மூலக்கோப்பு மாறாது. எந்த விளைவு, எவ்வளவு என்னும் குறிப்பு மட்டும் தனியே சேமிக்கப்படும். கண்ணாடி வழியே ஏட்டைப் பார்ப்பது போன்றது இது. கண்ணாடியைக் கழற்றினால் ஏடு ஏடாகவே இருக்கும். மற்றொன்று, விளைவுகளையெல்லாம் எண்களிலேயே ஏற்றிப் புதிய ஒலிவடிவை உண்டாக்கும் முறை. இதனை ரெண்டர் செய்தல் என்பர். மெழுகு வடிவின் நெகிழ்ச்சி நீங்கி வெண்கலச் சிலை உறுதிப்படுவதுபோல் இங்கும் மாறுவது உறுதியாவதால், வார்த்தெடுத்தல் எனத் தமிழில் வழங்கலாம்.

வார்த்தெடுத்தல் தேவையே. பல விளைவுகளை ஒருங்கே கணக்கிடுவது கணிப்பொறிக்குச் சுமை. மேலும், நம்மிடமுள்ள மென்பொருள் பிறரிடம் இராது. அவர்கட்கு முடிந்த கோப்பையே அளிக்க இயலும்.

பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஆடாசிட்டி இவ்விரு முறைகட்கும் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2000இல் வெளியிடப்பட்ட மென்பொருள் அது. நெடுங்காலம் அதில் விளைவினை இட்டவுடன் தடத்தின் அலைவடிவமே மாற்றப்பட்டது. செய்ததை மீட்கும் வசதி இருந்தாலும், பணியை மூடியதும் அவ்வரலாறு அழிந்துவிடும். 2022இல் வெளியான 3.2 பதிப்பில்தான் கேட்கும்போதே கணக்கிடும் விளைவுகள் வந்தன. அதிலும் வார்த்தெடுக்கும் கட்டளைகள் இரண்டுண்டு. ஒன்று மூலத்தடங்களின் இடத்திலேயே புதிய தடத்தை வைக்கும். மற்றொன்று மூலத்தடங்களை விட்டுவைத்துப் புதியதைத் தனித்தடமாகச் சேர்க்கும். பின்னதைத் தேர்வதே அறிவுடைமை.

வார்த்தெடுக்கும்போது கருதத்தக்க நுட்பங்கள் சில. எதிரொலி விளைவு இருப்பின், பேச்சு முடிந்த இடத்திலேயே தடமும் முடியுமாயின் எதிரொலியின் வால் அறுபடும். ஆதலால் சில நொடி மௌனத்தை இறுதியில் சேர்த்தல் வேண்டும். இடைநிலைக் கோப்புகளை 32 பிட் மிதவைப்புள்ளி முறையில் வைத்தால் அளவுமீறிய ஒலியும் சிதையாது. அனைத்தும் முடிந்த பின்னரே 16 பிட்டுக்கு இறக்குதல் நன்று.

மீளாமை என்பது யாது?

வார்த்தெடுத்த கோப்பிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெறலாகாதா என்று சிலர் வினவலாம். ஒரு சிறு கணக்கு விடை தரும். 16 பிட் முறையில் குறிக்கத்தக்க மிகப்பெரிய எண் 32,767. ஒரு பதிவில் அடுத்தடுத்த இரு அளவுகள் 20,000, 25,000 எனக் கொள்வோம். ஒலி போதவில்லையென இருமடங்காக்கினால் 40,000, 50,000 ஆகவேண்டும். இவ்விரண்டுக்கும் அங்கே இடமில்லை. இரண்டும் 32,767 என்றே குறிக்கப்படும். மறுநாள் தவறுணர்ந்து பாதியாக்கினால் இரண்டும் 16,383 ஆகும். 20,000க்கும் 25,000க்கும் இருந்த வேறுபாடு ஒழிந்தது. எந்தக் கருவியாலும் அதனை மீட்கலாகாது. இரைச்சல் குறைத்தலும் இத்தகையதே. நீக்கப்பட்டதில் சீறல் எவ்வளவு, சொல் எவ்வளவு என வார்த்தெடுத்த கோப்பு அறியாது.

பாரிஸ் நகரத்துப் புகைத்தாள்

மூலம் காக்கப்பட்டமையால் ஒரு பெரும்பிழை திருத்தப்பட்ட வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃப் கருவியைப் படைப்பதற்கு இருபதாண்டுகள் முன்னரே, பாரிஸ் நகரத்து அச்சுத்தொழிலாளரான எதுவார் லியோன் ஸ்காட் தெ மார்த்தென்வில் என்பார் ஒலியை வரையும் கருவியொன்றை அமைத்து 1857இல் காப்புரிமை பெற்றார். கூம்பின் வழியே வரும் ஒலி ஒரு மெல்லிய சவ்வை அதிரச் செய்யும். சவ்வோடு இணைந்த முள் புகைபூசிய தாளில் அலைகளைக் கீறும். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்தல் அவர் நோக்கமன்று. ஒலியைக் கண்ணால் காண்பதே நோக்கம்.

1860ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பதிந்த பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றின் சிறுபகுதி பாரிஸ் நகரத்தில் காக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தாளை நுட்பமாகப் படம்பிடித்துக் கீறல்களைக் கணிப்பொறியால் ஒலியாக்கினர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஊமையாயிருந்த தாள் பாடியது. கேட்டோர் அதனைப் பெண்ணின் அல்லது சிறுமியின் குரல் என்றே கருதினர். உலகச் செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதின.

மறு ஆண்டே அக்கருத்து மாறியது. பாடலோடு ஓர் இசைக்கவையின் அதிர்வையும் ஸ்காட் அத்தாளில் பதிந்திருந்தார்; வேகத்தை அளக்க அதுவே அளவுகோல். அக்கவை நொடிக்கு 500 ஒற்றை அதிர்வு உடையது என்பது குறிப்பு. அக்காலப் பிரெஞ்சு வழக்கில் அலையின் ஒருபுறச் சாய்வே ஓர் ஒற்றை அதிர்வாக எண்ணப்பட்டது, போய்வருவது இரண்டு. எனவே கவையின் உண்மை அதிர்வெண் 250. 500 எனக் கொண்டமையால் பாடல் இருமடங்கு வேகத்தில் ஒலித்திருந்தது. வேகத்தைப் பாதியாக்கியதும் ஓர் ஆண்மகன் மெல்லப் பாடுவது கேட்டது. அவர் ஸ்காட்டே ஆதல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து.

இதில் தமிழ் பயில்வோர் கருதத்தக்கது ஒன்றுண்டு. கருவி பிழைசெய்யவில்லை. ஒரு சொல்லுக்கு அக்காலத்து வழக்குப்பொருளைக் காணாது இக்காலப் பொருளைக் கொண்டமையே பிழை. இது பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த இடர். புகைத்தாள் காக்கப்பட்டிருந்ததால் பிழை ஓராண்டில் திருந்தியது. தாளை எறிந்துவிட்டு 2008ஆம் ஆண்டு ஒலிக்கோப்பை மட்டும் வைத்திருந்தால், திருத்தத்திற்கு அடிப்படையாகிய கவையின் அலைவரியும் உடன் போயிருக்கும்; பிழையை ஐயுறுவோரும் இரார்.

மூலமும் உரையும்

இதிலிருந்து பெறும் தெளிவு யாது? செப்பனிட்ட ஒலி மூலமன்று; மூலத்திற்கு ஒருவர் எழுதிய உரை. எது இரைச்சல், எது சொல் என்று செப்பனிடுவோர் முடிவு செய்கிறார். அம்முடிவு நல்லதாயினும் அவருடைய கருத்தேயாகும். உரை சிறந்ததென்று மூலத்தை எரிப்பார் உண்டோ? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காட்டும் பதிப்பு நெறி தமிழில் வேரூன்றியது. தாம் கொண்ட பாடத்தைத் தந்ததோடு, தாம் கொள்ளாத பாடத்தையும் பிறர் காணவிட்டமையே அப்பதிப்பு நெறியின் பெருமை.

ஹதீஸ் கலையோ இதனினும் நுட்பமானது. செய்தியாகிய மத்னோடு, அதனை யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் தொடராகிய இஸ்னாதையும் அறிஞர்கள் காத்தனர். தொடர் அறுந்த செய்தியின் வலிமை குறையும். ஒலிப்பதிவுக்கும் இஸ்னாத் வேண்டும். பேசியவர் யார், எவ்வூரில், எந்நாளில், பதிந்தவர் யார், எந்தக் கருவியில் ஒலிக்கச்செய்து எவர் கணிப்பொறிக்கு மாற்றினார், எந்தெந்த விளைவுகளை எவ்வரிசையில் எவ்வளவு இட்டார் என்பன எழுதி உடன் வைக்கப்பட வேண்டும். இக்குறிப்பில்லாத கோப்பு, பெயர் தெரியாத ஒருவர் பெயர் தெரியாத ஒருவரிடம் கேட்டதாகச் சொல்லும் செய்தி போன்றது.

இரைச்சல் எனப்படுவதெல்லாம் இரைச்சலும் அன்று. சொற்பொழிவின் பின்னணியிற் கேட்கும் பாங்கொலி அது நிகழ்ந்த பொழுதை உணர்த்தும். அவையோரின் சுபுஹானல்லாஹ் என்னும் வியப்புரை எந்தப் பாடலடி மக்கள் மனத்தைத் தொட்டது என்பதற்குச் சான்று. பேசுபவர் மூச்செடுக்கும் இடம் அவர் சீர்பிரித்த இடம். இவற்றைத் துடைத்து அழகுசெய்தால் குரல் எஞ்சும், அவை மறையும்.

செயல்முறை

மாணவர் பணி தொடங்குமுன் கொள்ளத்தக்க ஒழுங்கினைத் தொகுத்துரைப்போம்.

1. ஒலிநாடாவின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு தடுப்புகளை முதலில் உடைத்துவிட வேண்டும். அதன்பின் தவறியும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது.

2. செப்பனிடுதலின் பெரும்பகுதி மென்பொருளுக்கு முன்னரே முடியும். ஒலிக்கும் கருவியின் தலையைத் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியை, எழுத்தொலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை திருப்பி நிறுத்துக. டால்பி முறையில் பதிந்த நாடாவை அம்முறையிலேயே ஒலிக்கச் செய்க.

3. எவ்விளைவும் இடாது, 24 பிட் நுட்பத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக முழுநாடாவையும் மாற்றுக. இதுவே மூலப்படி. இதன் பெயரில் மூலம் எனக் குறித்து, எவரும் திருத்தாவண்ணம் பூட்டி வைக்க.

4. மூலத்தின் நகலொன்றை எடுத்து, அந்நகலில் மட்டுமே விளைவுகளை இடுக. இரைச்சலை முற்றும் ஒழிக்க முயலற்க. 6 டெசிபல் குறைத்தாலே அதன் அலையுயரம் பாதியாகும். மூலத்தையும் செப்பத்தையும் மாறிமாறிக் கேட்டு, எந்த எழுத்தாவது மழுங்கியதா என ஆய்க.

5. வார்த்தெடுத்த கோப்பு மூலத்தின் பெயரைச் சுமக்கலாகாது. செப்பம் 1, செப்பம் 2 என எண்ணிட்டு, விளைவுகளின் குறிப்பை உடன் எழுதுக. பிறர்க்கு அனுப்பும் எம்.பி.3 கோப்பைச் செப்பத்திலிருந்து எடுக்க.

6. மூலப்படிகள் மூன்று இருத்தல் நன்று. அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருக்கட்டும். வெள்ளமும் தீயும் ஓரிடத்தையே தாக்கும்.

7. மாற்றியபின் நாடாவை எறிதல் கூடாது. நாளை இதனினும் நுட்பமான கருவி வரக்கூடும்.

முடிவுரை

உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டில் வாழ்ந்து 1842இல் அச்சேறியது. அந்நூல் நம் கையில் உள்ளது. ஆனால் அதனைத் தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு ஓதிப் பொருள்விரித்த பெரியோர் பலரின் குரல்கள் காற்றோடு போயின. எஞ்சியவை அலமாரிகளிலும் பரண்களிலும் சில நூறு அடி நாடாவில் சுருண்டு கிடக்கின்றன. ஊர்ப் பெரியோர்கள் அவற்றைத் தேடியெடுத்து, பேசியவர் யாரென அடையாளம் சொல்வார்களாக. அவ்வடையாளம் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது; அதனை எந்த மென்பொருளும் தராது. ஆசிரியப் பெருமக்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுத மாணவரைப் பயிற்றுவார்களாக. மாணவர்கள் தம் திறமையைச் செப்பத்திற் காட்டுக. தம் நாணயத்தை மூலத்திற் காட்டுக.

இனிமையாகக் கேட்கவேண்டும் என்பது இன்றைய செவியின் விருப்பம். உள்ளது உள்ளவாறு கேட்கவேண்டும் என்பது நாளைய செவியின் உரிமை. அவ்வுரிமை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பழுதின்றி ஒப்படைக்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.